பிடியரிசியும் பொதுசன நூலகமும்

டிசெம்பர் 5 ஆம் திகதி சர்வதேசத் தொண்டர் தினம். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1985 ஆம் ஆண்டு எடுத்த தீர்மானத்தின்படி உலகெங்கும் இந்நாள் நினைவுகூரப்படுகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் இத்தினத்தையொட்டி நடைபெற்ற ஒரு கூட்டத்திற் பேசுவதற்கு என்னை அழைத்திருந்தார்கள். மேடையிற் பொன்னாடைகள் போர்த்தப்பட்டன; சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களுட் பெரும்பாலானோர் பணம் கொடுத்தவர்கள். பணம் கொடுப்பதும் நற்செயலே. அதனைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. ஆனால், கூட்டம் முடிந்த பின்னர் கதிரைகளை அடுக்கி, மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களின் பெயர்கள் எந்தச் சான்றிதழிலும் இருக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் எங்கள் ஊர் வாசிகசாலையின் ஞாபகம் வந்தது. அதனோடு நான் தீர்க்காமல் விட்ட ஒரு கடனும் ஞாபகத்துக்கு வந்தது. இக்கட்டுரை அக்கடனின் ஒரு பகுதி.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் 'பிடியரிசி' என்றொரு வழக்கம் இருந்ததை ஐம்பது வயதைக் கடந்த வாசகர்கள் அறிவார்கள். உலையில் அரிசி இடுவதற்கு முன்னர் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் ஒரு முட்டியிற் போட்டுவிடுவார். வாரத்துக்கொரு தடவை ஒருவர் வீடு வீடாகச் சென்று அதனைச் சேர்ப்பார். அவ்வரிசி கோயில் அன்னதானத்துக்கோ, பாடசாலைக்கோ, ஊர்ப்பொதுக் காரியம் வேறொன்றுக்கோ போகும். ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் எவரும் பசியோடு படுத்ததில்லை. ஆயினும் நாள் தவறாமல் அது முட்டியில் விழுந்தாக வேண்டும். வாரம் தவறாமல் அதனைச் சேர்க்க ஒருவர் நடந்தாக வேண்டும். கொடுப்பவரின் ஒழுங்கும் சேர்ப்பவரின் நடையும் இல்லையேல் பிடியரிசி வெறும் அரிசிதான். வடபுலத் தமிழரின் பெரிய பொது நிறுவனங்கள் பலவற்றின் தொடக்கத்தை ஆராய்ந்தால், அவற்றின் அடியில் இத்தகையதொரு முட்டி இருப்பதைக் காணலாம்.

யாழ். பொதுசன நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எரிப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்கு அளவில்லை. அதன் பிறப்பைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. 1933 ஆம் ஆண்டு கே. எம். செல்லப்பா என்ற அன்பர், தமது வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். தொடக்கம் அவ்வளவுதான். அரசாங்கச் சுற்றறிக்கை இல்லை. நிதி ஒதுக்கீடு இல்லை. அத்திவாரக் கல்லும் இல்லை. தம்மிடம் இருந்ததை எடுத்து வெளியே வைத்தார். யாழ்ப்பாணத்தில் இலவசமான மத்திய தமிழ் நூலகம் ஒன்று வேண்டும் என்று அதே ஆண்டில் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

வேண்டுகோளுக்கு ஆட்கள் வந்தார்கள். 1934 ஜூன் மாதத்தில் யாழ். மத்திய கல்லூரியில் ஒரு கூட்டம் நடைபெற்றது. ஐசாக் தம்பையா தலைவராகவும் செல்லப்பா செயலாளராகவும் தெரிவாகினர். அதே ஆண்டு ஓகஸ்ட் 1 ஆம் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்த நூல்கள் 844. பின்னர் அது உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்புக்கு மாறி, இடமும் மாறி, வளர்ந்தது.

1949 இல் யாழ்ப்பாணம் மாநகரமாகி, சாம் சபாபதி முதலாவது மேயரான பின்னர், நிரந்தரக் கட்டடம் ஒன்று வேண்டும் என்ற முயற்சி வேகம் பெற்றது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த, அயர்லாந்தில் பிறந்த லோங் அடிகளார் அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தார். நகரத்திற் களியாட்ட விழா நடத்திப் பணம் திரட்டினார்கள். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கட்டடப் பாணியில் வரைபடம் தயாரித்தார். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1954 மார்ச் 29 ஆம் திகதி அத்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11 ஆம் திகதி அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

செல்லப்பா வீட்டு அலுமாரியில் இருந்து அந்த வெள்ளைக் கட்டடத்தை அடைய 26 ஆண்டுகள் எடுத்தன. இந்த 26 ஆண்டுகளின் பெரும்பகுதி, நாம் பெயர் அறிந்த ஐந்தாறு பேரால் மாத்திரம் நடந்ததன்று. களியாட்ட விழாவிற் பந்தல் போட்டவர்கள், சீட்டு விற்றவர்கள், புத்தகக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கியவர்கள், கணக்கெழுதியவர்கள் என்று எத்தனையோ பேர். அவர்களின் பட்டியல் எங்கும் இல்லை. வரலாறு எழுதுபவர்கள் திறப்பு விழாக்களின் திகதிகளையே குறித்துவைக்கிறோம். நானும் அதனைத்தான் மேலே செய்திருக்கிறேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். வலிகாமத்தில் உள்ள அந்த ஊரின் பெயர் இங்கு முக்கியமன்று. இத்தகைய வாசிகசாலை இல்லாத ஊர் அக்காலத்திற் குடாநாட்டில் அரிது. சந்தியில், வேப்பமரத்தடியில், கிடுகினால் வேய்ந்த ஒரு கொட்டில். அரைச் சுவர். இரண்டு வாங்குகள், ஒரு மேசை. காலையிற் பத்திரிகை வந்ததும் நாலு தாள்களும் நாலு பேரின் கைகளிற் பிரிந்துவிடும். எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஒருவர் உரத்து வாசிப்பார். நான் எழுத்துக்கூட்டிப் பத்திரிகை வாசிக்கப் பழகியது அந்த வாங்கில்தான்.

அதனைத் திறந்து பூட்டியவர் எங்கள் 'தபால் மாமா'. தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர் என்பதால் ஊர்ச் சிறுவர்கள் எல்லோருக்கும் அவர் அப்படித்தான். கடமைக்குப் போகுமுன் காலை ஆறு மணிக்குத் திறப்பார். மாலையில் வந்து தாள்களை அடுக்கி, பழைய பத்திரிகைகளை நூலினாற் கோத்துக் கட்டிவைப்பார். சந்தாவை ஒரு கொப்பியிற் சதக் கணக்கில் எழுதுவார். வாசித்த பத்திரிகையை மேசையில் எறிந்துவிட்டு எழும்பும் எங்களைப் பார்த்து, "தம்பி, வாசிச்சுப்போட்டு மடிச்சு வைச்சிட்டுப் போறதும் ஊருக்குச் செய்யிற வேலைதான்" என்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் இதனைச் செய்தார். ஒரு சதம் பெற்றதில்லை.

தொண்டின் வரலாற்றை எழுதும்போது இனிப்பானவற்றை மாத்திரம் எழுதினால் அது பொய்யாகிவிடும். 'பொது' என்று பெயர் சூட்டப்பட்ட பல இடங்கள் எங்கள் சமூகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். எங்கள் வாசிகசாலையிலும் அறுபதுகளின் நடுப்பகுதி வரை சிலர் அரைச் சுவருக்கு வெளியே நின்றுதான் பத்திரிகை வாசித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருநாட் காலை தபால் மாமா இரண்டு வாங்குகளையும் வெளியே இழுத்து வேப்பமரத்தின் கீழே போட்டாராம். "உள்ளுக்கை எல்லாரும் இருக்கேலாதெண்டால், எல்லாரும் வெளியிலை இருப்பம்" என்றாராம். சில நாட்கள் சச்சரவு நடந்தது. சில மாதங்கள் சந்தா வரவில்லை. மழைக்காலம் வந்தபோது வாங்குகள் உள்ளே போயின. எல்லோரும் உள்ளே போனார்கள். வேறு பல ஊர்களில், ஒதுக்கப்பட்ட மக்கள் தங்கள் உழைப்பால் தங்களுக்கென வாசிகசாலைகளைக் கட்டி எழுப்பினார்கள். அந்த உழைப்பின் வரலாறும் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

1981 ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த அந்த நாட்களில், எனக்குப் பன்னிரண்டு வயது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸாரும் காடையரும் நகரத்திற் புகுந்தனர். ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது. பொதுசன நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாகின. தீச்சுவாலையைக் கண்ட அதிர்ச்சியிற் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். எங்கள் ஊரில் அன்று தபால் மாமா வாசிகசாலையைத் திறந்துவிட்டு, உள்ளே போகாமல் வாசலில் நின்றது எனக்கு நன்கு ஞாபகம் இருக்கின்றது.

அடுத்த ஆண்டு, 1982 இல், யாழ். பொதுசன நூலக வாரம் கொண்டாடப்பட்டது. எரிந்த நூலகத்துக்காக மக்களிடம் இருந்து ஆயிரக்கணக்கான நூல்கள் சேர்க்கப்பட்டன. தபால் மாமாவின் சைக்கிளுக்குப் பின்னால் நானும் இரண்டு நண்பர்களும் சாக்குப் பையோடு படலை படலையாகப் போனோம். ஆசிரியர் வீட்டில் ஆங்கில அகராதி ஒன்று கிடைத்தது. கடைக்காரர் பழைய பஞ்சாங்கங்களைத் தந்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கினோம். ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு உள்ளே போய், பிடியரிசி முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்கட வீட்டிலை புத்தகம் ஏது மோனை? இந்த அரிசியைக் கொண்டு போங்கோ. வித்துப்போட்டு ஒரு கொப்பியெண்டாலும் வாங்குங்கோ" என்றார். எழுத வாசிக்கத் தெரியாதவர் அவர். மாமா அந்த அரிசியை அளந்து, விற்ற பணத்தைக் கணக்குக் கொப்பியில் அவரது பெயருக்கு நேரே எழுதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாளிற் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோது, அந்தக் கொப்பியைப் போல ஓர் ஆவணத்தை நான் கண்டதில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். ஆளுக்கொரு பையோடு தென்மராட்சி நோக்கி நடந்தோம். மாமா அப்போது ஓய்வுபெற்றிருந்தார். அவரது சைக்கிளில் ஒரு துணிப்பொட்டலமும், பொலித்தீன் தாளிற் சுற்றிய வாசிகசாலைக் கொப்பிகளும் இருந்தன. 1996 இல் மக்கள் ஊர் திரும்பியபோது வாசிகசாலை இருந்த இடத்தில் அரைச் சுவர் மாத்திரமே மிஞ்சியிருந்தது. அதன்மேல் இரண்டு பலகைகளைப் போட்டு, கிடைத்த பத்திரிகையை விரித்துவைத்தார். யுத்தகாலத்தில் எங்கள் ஊர் வாசிகசாலை அவ்வாறே இயங்கியது.

யுத்தம் 2009 இல் முடிந்தது. புலம்பெயர்ந்த எங்கள் ஊரவர்கள் பெருமனத்தோடு பணம் அனுப்பினார்கள். 2013 இல் மாபிள் பதித்த புதிய கட்டடம் எழுந்தது. திறப்பு விழாச் செய்தியை எங்கள் பத்திரிகைக்கு எழுதியவன் நான். பிரதம விருந்தினர், நன்கொடையாளர்கள், நிர்வாக சபையினர் எல்லோரின் பெயர்களும் அச்செய்தியில் இருந்தன. கடைசி வரிசையில், வெள்ளை வேட்டியோடு இருந்த தபால் மாமாவின் பெயர் இருக்கவில்லை. இடம் போதவில்லை என்று ஆசிரியபீடம் வெட்டியதாகச் சொல்லித் தப்ப முடியாது, நான் எழுதவேயில்லை. எனக்கு அது தோன்றவேயில்லை.

விழா முடிந்து புறப்பட்டபோது அவர் என்னருகே வந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தம்பி, திறப்பு இனி ஆரிட்டை?"

அக்கேள்வியின் பெறுமதி எனக்குப் பின்னர்தான் விளங்கியது. திறப்பு நிர்வாக சபையில் ஒருவரிடம் இருந்தது. அவருக்கு வேலை இருந்தது. கட்டடம் கூட்டங்களுக்கு மாத்திரம் திறந்தது. மற்ற நாட்களிற் பூட்டியே கிடந்தது. புத்தக அலுமாரிகளின் கண்ணாடிகளிற் தூசு படிந்தது. 2015 இல் மாமா காலமானார். பணம் செலுத்திப் போட்ட மரண அறிவித்தல் ஒன்று எங்கள் பத்திரிகையில் வந்தது. அப்போதும் நான் ஒரு வரி எழுதவில்லை. அதுதான் நான் மேலே சொன்ன கடன்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை இலங்கை வாசகர்கள் மறக்கமாட்டார்கள். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை; மணிக்கணக்கில் மின்வெட்டு; பத்திரிகைத் தாளுக்கே தட்டுப்பாடு. தினமும் காரியாலயம் போக வழியில்லாமல் நான் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தேன். பாடசாலைப் பிள்ளைகள் சிலர் வாசிகசாலைத் திண்ணையில், பூட்டிய கதவுக்கு முன்னால் இருந்து படித்துக்கொண்டிருப்பதை ஒருநாள் கண்டேன். வீட்டிலும் பார்க்க அங்கு காற்றும் வெளிச்சமும் இருந்தன. நிர்வாக சபையிடம் போய்த் திறப்பைக் கேட்டோம். மறுக்கவில்லை, கேட்பதற்கு யாராவது வரமாட்டார்களா என்று அவர்களும் இருந்திருக்கிறார்கள். வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பேர். ஒருவருக்கு ஒரு நாள், மாலையில் இரண்டு மணி நேரம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர் ஒருவர், இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள், தையல் வேலை செய்யும் ஒரு தாய், கடை வைத்திருப்பவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை நான்.

இதிற் பெருமைப்பட எதுவும் இல்லை. முதல் மாதத்தில் நான் இரண்டு தடவை வரத் தவறினேன். பிள்ளைகள் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு நாள் தவறியதற்கே வெட்கப்பட்ட எனக்கு, முப்பது ஆண்டுகள் என்பது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. மாணவர்களில் ஒருவர் கனடா போய்விட்டார். அவரது நாளை அவரது தங்கை ஏற்றார். ஒருவர் விலகும்போது இன்னொருவரைக் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்பதே எங்களிடம் உள்ள ஒரேயொரு விதி.

வெளிநாடுகளில் இருந்து வாசிக்கும் அன்பர்கள், "ஊரில் இருப்பவர்களுக்குச் சரி, நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். பிடியரிசிக்குத் தூரம் தடையன்று என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்னெடுப்பில் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைப் பல நாடுகளில் இருந்த தொண்டர்கள் தட்டச்சுச் செய்தார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். எவரும் இலவசமாக வாசிக்க அவை கிடைத்தன. 2005 இல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் பாதுகாக்க 'நூலகம்' திட்டம் இளைஞர்கள் சிலரால் ஆரம்பிக்கப்பட்டது. வீட்டு அலுமாரிகளில் இருந்த புத்தகங்களே அதற்கும் முதல். இன்று அங்குள்ள ஆவணங்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டன. 1981 இல் எரிந்தவற்றின் தொகையை நினைத்துப் பாருங்கள். எரிந்த ஏடுகளை எவராலும் மீட்க முடியாது. ஆயினும் ஒவ்வொரு பக்கமாக வருடி எடுத்த கைகள் அந்தத் தொகையைக் கடந்து போயிருக்கின்றன.

ஆகவே, உங்கள் வீட்டில் இருக்கும் பழைய சஞ்சிகையை, கோயில் மலரை, பாடசாலை நூற்றாண்டு மலரை எறிந்துவிடாதீர்கள். அது வேறெங்கும் இல்லாத கடைசிப் பிரதியாக இருக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை இரண்டு வரியோடு நின்றால், மூன்றாவது வரியை நீங்கள் எழுதுங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் தொண்டாசிரியர்களாலேயே நடக்கின்றன; கற்பிக்க முடியாவிட்டாலும் கதவு திறக்க, கதிரை போட ஆள் வேண்டும். அடுத்த தெருவில் தனியே இருக்கும் முதியவருக்கு வாரத்தில் ஒருநாள் பத்திரிகை வாசித்துக் காட்டலாம். ஊருக்குப் பணம் அனுப்பினால், கட்டடத்தின் அளவைக் கேட்குமுன் மாமா கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: திறப்பு யாரிடம்?

தபால் மாமாவின் கொப்பிகளை அவரது மகள் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். பொலித்தீன் சுற்று இன்னமும் கழற்றப்படவில்லை, ஓரங்கள் உளுத்துவிட்டன. அவற்றை வருடி எடுக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வருகின்ற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். 1982 ஆம் ஆண்டுப் பக்கத்தில் அந்த மூதாட்டியின் பெயர் இருக்கும். நாலு மணிக்கு நான் திறக்க வேண்டும்.